பின் சீட்டுப் பிரேக்

நவம்பர் 7, வெள்ளி

இந்த டைரியை மாதேசு கொண்டுவந்து கொடுத்தான். தீபாவளிக்கு அப்புறம் இந்த வருஷத்து டைரி யாருக்கும் வேண்டாம் என்று கடையில் கிடந்ததாம். "அண்ணா, சும்மா படுத்துக்கிட்டு நர்சுங்ககூட வம்பு பண்ணாம எதையாச்சும் எழுதுங்க" என்றான். மாதேசு என் கண்டக்டர். நான் அறப்பளி, டிரைவர். கொல்லிமலைக்கு எழுபது கொண்டை ஊசி வளைவு ஏறி இறங்குகிற பஸ் எங்களுடையது. இருபது வருஷத்தில் என் வண்டியில் ஒரு கீறல் விழுந்ததில்லை. அப்பேர்ப்பட்டவன் போன ஞாயிற்றுக்கிழமை ஏரிக்கரை இறக்கத்தில் ஸ்கூட்டரின் பின் சீட்டிலிருந்து விழுந்து வலது தொடையெலும்பை முறித்துக்கொண்டேன். பார்க்க வருகிறவர்கள் எல்லாரும் முதலில் "பஸ்ஸா?" என்கிறார்கள். ஸ்கூட்டர் என்றதும் முகத்தைத் திருப்பிக்கொண்டு ஆப்பிள் பையை வைக்க இடம் தேடுகிறார்கள்.

ஓட்டியவள் என் மனைவி தவமணி. ஏரிக்கு அந்தப்புறம் உள்ள பள்ளிக்கூடத்தில் அவளுக்குச் சத்துணவு அமைப்பாளர் வேலை. அந்த ஊருக்குப் பஸ் கிடையாது. பஸ் டிரைவர் பெண்டாட்டிக்கு பஸ் போகாத ஊரில் வேலை கிடைத்தால் அவன்தானே ஸ்கூட்டர் கற்றுத்தர வேண்டும்? தந்தேன். இறக்கத்தில் குறுக்கே பால் வண்டி வந்தது. அவள் பிரேக் பிடிக்கவில்லை. என் கால் வெளியே வந்துவிட்டது. ஊன்றிய காலைச் சுற்றி வண்டி திரும்பி, வண்டியும் நாங்கள் இரண்டு பேரும் அந்தக் கால்மேலேயே விழுந்தோம். அவளுக்கு முழங்கையில் சிராய்ப்பு மட்டும்.

நவம்பர் 8, சனி

ஆபரேஷன் பற்றி எழுத விட்டுவிட்டேன். உடைந்த இடத்தைக் கிழித்துப் பார்ப்பார்கள் என்று நினைத்தேன். அப்படி இல்லை. இடுப்புக்குப் பக்கத்தில் சின்னதாகக் கீறி, எலும்புக்கு நடுவில் உள்ள குழாய் வழியாக நீளமான கம்பியை மேலிருந்து கீழே இறக்கிவிட்டார்கள். மேலேயும் கீழேயும் திருகு போட்டு அது நகராமல் பூட்டியாயிற்று. முதுகில் ஊசி போட்டிருந்ததால் வலியில்லை. ஆனால் சத்தம் கேட்டது. சுத்தியல் சத்தம். டிப்போ பட்டறையில் படுத்திருப்பதுபோல் இருந்தது. நல்லவேளை, "ஸ்பேனர் எடு" என்று யாரும் சொல்லவில்லை.

காலையில் எலும்பு டாக்டர் வந்தார். "மலை வண்டி எப்பங்க ஓட்டலாம்?" என்று கேட்டேன்.

"எலும்பச் சேக்கறது என் வேலை. தசையத் திருப்பிக் கொண்டுவர்றது உங்க வேலை. அது வரட்டும், அப்புறம் பாக்கலாம்."

பார்க்கலாம் என்ற வார்த்தை எனக்குப் பிடிக்கவில்லை. கால் சரியாகாத டிரைவர்களை டிப்போவில் என்ன செய்வார்கள் என்று எனக்குத் தெரியும். ஒரு நாற்காலியைக் கொடுத்து ஜன்னல் ஓரம் உட்காரவைப்பார்கள். வண்டிகள் போவதையும் வருவதையும் எண்ணிக்கொண்டிருக்கலாம். அதற்கு நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

தவமணியிடம், "அந்த ஸ்கூட்டர வித்துரு. இனிமே அதத் தொட்டேன்னா பாத்துக்க" என்று சொன்னேன். வார்டே திரும்பிப் பார்த்தது. அவள் ஆரஞ்சை உரித்துக் கையில் கொடுத்தாள்.

நவம்பர் 13, வியாழன்

வீட்டுக்கு வந்தாயிற்று. வாக்கரைப் பிடித்துக்கொண்டு, வலது காலில் கொஞ்சமாகப் பாரம் கொடுத்து நடக்கிறேன். காலைக் கட்டிலில் ஏற்றுவதற்கு இரண்டு கையாலும் தூக்கி வைக்க வேண்டியிருக்கிறது. என் கால்தான், ஆனால் நான் சொன்னால் கேட்பதில்லை.

நவம்பர் 19, புதன்

தையல் பிரித்தார்கள். ஸ்கூட்டர் பக்கவாட்டுச் சந்தில் தார்ப்பாய் மூடிக் கிடக்கிறது. விற்கவில்லையா என்றேன். "நாலு பேர்கிட்டச் சொல்லி வெச்சிருக்கேனுங்க" என்றாள்.

நவம்பர் 25, செவ்வாய்

பிசியோ பெண் வீட்டுக்கே வர ஆரம்பித்திருக்கிறாள். பெயர் நஸ்ரின். தன் ஸ்கூட்டரில் படபடவென்று வந்து இறங்குகிறாள். முழங்காலுக்குக் கீழே ஒரு துண்டைச் சுருட்டி வைத்து, "துண்ட நசுக்குங்க அண்ணா" என்றாள். நசுக்கினேன். அதாவது நசுக்குவதாக நினைத்தேன். அவள் என் தொடையில் விரலை வைத்துப் பார்த்துவிட்டு, "எங்க, ஆரம்பிங்க" என்கிறாள். நான் பல்லைக் கடித்து, கழுத்து நரம்பு புடைக்க நசுக்கிக்கொண்டிருக்கும்போதே!

தொடைக்கு முன்பக்கம் நான்கு தசைகள் சேர்ந்து ஒரே வாராக முட்டிச் சில்லைப் பிடித்து இழுக்கின்றனவாம். காலை நீட்டுவது, மாடி ஏறுவது, உட்கார்ந்து எழுவது எல்லாம் அதன் வேலை. எலும்பு உடைந்த அதிர்ச்சியில் அது படுத்துவிட்டது. செத்துப்போகவில்லை, கட்டளை போய்ச் சேரவில்லை, அவ்வளவுதான் என்றாள்.

"எங்க பஸ்ல காத்துப் பிரேக்கும்மா. லேசா அமுக்குனாப் போதும்" என்றேன்.

"அமுக்கறதுக்கு முன்னாடி ஆக்சிலேட்டர்ல இருந்து கால எடுத்து பிரேக்குக்குக் கொண்டுபோகணும்ல? கையால தூக்கி வெப்பீங்களா?"

மறுபடி துண்டை நசுக்க ஆரம்பித்தேன். வரும்போதே கேள்வியோடு வருகிறாள் இந்தப் பெண்.

பிறகு எப்படி விழுந்தேன் என்று கேட்டாள். சொன்னேன். "பின்னாடிதான உட்காந்திருந்தீங்க? எதுக்குக் கால ஊனுனீங்க?"

"பிரேக் புடிச்சேன்."

"பின் சீட்டுல பிரேக் இருக்குதா அண்ணா?"

சமையலறையில் தவமணி சிரித்த சத்தம் கேட்டது. விழுந்த நாளிலிருந்து அவள் சிரித்து இன்றுதான் கேட்கிறேன். கோபம் வந்தது. கொஞ்சம் நன்றாகவும் இருந்தது.

நவம்பர் 30, ஞாயிறு

துண்டு. நசுக்கல். ஒன்றுமில்லை.

டிசம்பர் 3, புதன்

நஸ்ரின் தையல் டேப்பை வாங்கி இரண்டு தொடையையும் அளந்தாள். வலது தொடை வாடிப்போன சுரைக்காய் மாதிரி இருக்கிறது. லுங்கியை இழுத்து மூடிக்கொண்டேன். இன்னும் தசை விழித்துக்கொள்ளாதது கொஞ்சம் தாமதம்தான் என்று மெதுவாகத் தவமணியிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். எனக்குக் காது நன்றாகக் கேட்கும் என்பதை இந்த வீட்டில் யாரும் நினைவில் வைப்பதில்லை. இருபது வருஷமாகக் கண்ணுக்குத் தெரியாத வளைவில் எதிர்வண்டியைக் காதால் பார்த்தவன் நான்.

மாலையில் தவமணியோடு சண்டை. "நா பிரேக் புடிச்சேனுங்க. வண்டி நிக்கத்தான் போச்சு. நீங்கதான் கால ஊனிட்டீங்க" என்றாள். விழுந்த நாளிலிருந்து இதை ஒருமுறைகூடச் சொல்லாதவள். வண்டி நின்றதாக எனக்குத் தோன்றவில்லை. ஓட்டுவது என்னவென்று எனக்குத் தெரியாதா?

பயமாக இருக்கிறது. இதை மாதேசிடம் சொல்ல முடியாது. இங்கே எழுதிவைக்கிறேன். கால் வராமலே போய்விட்டால் நான் என்ன ஆவேன் என்று பயமாக இருக்கிறது.

டிசம்பர் 9, செவ்வாய்

வந்துவிட்டது!

ஆஸ்பத்திரிக்கு ஆட்டோவில் போனோம். குலுங்காமல் இருக்கத் தவமணி என் வலது தொடையில் கையை வைத்துப் பிடித்துக்கொண்டிருந்தாள். ஆட்டோக்காரனுக்கு எமன்மேல் என்ன பிரியமோ, வளைவில் கரும்பு டிராக்டரை முந்தினான். எதிரே ஒரு வேன். "டேய்!" என்று கத்தினேன். என் பாதம் ஆட்டோவின் தரையை அழுத்தியது.

"ஏனுங்க" என்றாள் தவமணி. அவள் முகம் மாறியிருந்தது. "இப்ப என் கைக்குக் கீழ என்னமோ குதிச்சுதுங்க."

எனக்கும் தெரிந்தது. முட்டிச் சில்லு மேலே இழுபட்டது. ஆட்டோக்காரன் வேனுக்கும் டிராக்டருக்கும் நடுவில் புகுந்து போய்விட்டுத் திரும்பி, "பயந்துட்டீங்களாண்ணா?" என்றான். "இன்னொரு வாட்டி முந்துடா சாமி" என்று சொன்னேன். தவமணி என் வாயைப் பொத்தினாள்.

நஸ்ரினிடம் சொன்னதும் கைதட்டினாள். துண்டை நசுக்கு என்றால் அந்தத் தசைக்குப் புரியவில்லை, பிரேக் பிடி என்றால் புரிகிறதாம். "இருபது வருசமா அது கேட்ட கட்டளை அதுதான அண்ணா? இனிமே துண்டெல்லாம் வேண்டாம். மனசுல வண்டி ஓட்டுங்க. யாராச்சும் பக்கத்துல உட்காந்து வளைவு சொல்லணும்."

டிசம்பர் 12, வெள்ளி

வளைவு சொல்ல மாதேசைக் கூப்பிட்டேன். அவன் ஒவ்வொரு வளைவிலும் டிக்கெட் கொடுத்த கதையைச் சொல்கிறான். அனுப்பிவிட்டேன்.

டிசம்பர் 16, செவ்வாய்

தவமணி கீரை ஆய்ந்துகொண்டே சொன்னாள்: "ஒம்பதாவது வளைவு. பாறையில இருந்து தண்ணி ஒழுகுது. ரோடு வழுக்கும். மேல இருந்து பலாப்பழ ஜீப் வருது, ஆரன் அடிக்கல. பிரேக் புடிங்க."

பிடித்தேன். சில்லு இழுபட்டது.

"விடுங்க. மெல்ல ஏறுங்க. பதினேழு. கொரங்குக் கூட்டம். குட்டி ஒண்ணு ரோட்டுல உட்காந்திருக்குது. புடிங்க. புடிச்சுட்டே இருங்க, அது போகட்டும். இன்னும் போகல. ம், போயிருச்சு, விடுங்க."

அவள் அந்த மலைக்கு வந்ததே இரண்டு தடவைதான். இரண்டு தடவையும் வாந்தி எடுத்துக்கொண்டு கண்ணை மூடியே வந்தாள். எந்த வளைவில் பாறை, எந்த வளைவில் மிளகுக் கொடி, எங்கே சில்வர் ஓக் மரம் ஏற்றிய லாரி திரும்ப முடியாமல் நிற்கும் என்று எல்லாம் சொல்கிறாள். எப்படித் தெரியும் என்றேன்.

"தெனம் வந்து சொல்லுவீங்கல்ல?"

சொல்வேன்தான். சோற்றுத் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்து சொல்வேன். அவள் பாத்திரத்தை உருட்டிக்கொண்டே இருப்பாள். கேட்கவே இல்லை என்று நானும் சில நாள் கத்தியிருக்கிறேன். எல்லாம் கேட்டிருக்கிறாள். கண் கலங்கியது, கீரைக்காரியிடம் வெங்காயமும் வாங்கியிருந்தாள், பழியை அதன்மேல் போட்டுவிட்டேன்.

டிசம்பர் 24, புதன்

காலை நீட்டியபடி கட்டிலிலிருந்து தூக்கினேன். கை படாமல். ஒரு சாண் உயரம்தான். இன்று முழுவதும் வருகிறவர்களுக்கெல்லாம் தூக்கிக் காட்டினேன். பால்காரரும் பார்த்தார்.

நஸ்ரின் கிளம்பும்போது தவமணியும் அவளோடு வெளியே போனாள். இரண்டு பேரும் நஸ்ரினின் ஸ்கூட்டரைத் தொட்டுத் தொட்டு என்னவோ பேசிக்கொண்டார்கள். பெண்களுக்குப் பேச ஆயிரம் இருக்கும்.

ஜனவரி 5, திங்கள்

டைரி தீர்ந்துவிட்டது. முன்பக்கம் ஜனவரியிலிருந்து எல்லாம் காலி. கிழமையை மட்டும் அடித்துத் திருத்திக்கொண்டு அங்கேயே எழுதுகிறேன்.

லீவு முடிந்து தவமணி இன்று வேலைக்குப் போனாள். எப்படிப் போவாய் என்றேன். "நடந்துதானுங்க. ஏரிக்கரை மேல போனா கிட்டத்தான்" என்றாள். சாயங்காலம் திரும்பி வந்தவளின் செருப்பில் புழுதியே இல்லை. ஏரிக்கரையில் சாலை போட்டுவிட்டார்கள் போலிருக்கிறது.

ஜனவரி 15, வியாழன்

பொங்கல். வாசல்வரை ஒற்றை ஊன்றுகோலோடு நடந்துபோய்ப் பானை பொங்குவதைப் பார்த்தேன். கோலம் தார்ப்பாய்வரை போட்டிருக்கிறது. தார்ப்பாயின் மடிப்பு மாறியிருந்தது. காற்றாக இருக்கும்.

ஜனவரி 22, வியாழன்

தெரு முனையில் யாரோ தினமும் சாயங்காலம் ஒரு ஸ்கூட்டரைக் கொண்டுவந்து அணைக்கிறார்கள். அதற்கப்புறம் தள்ளிக்கொண்டு வருகிற டயர் சத்தம் கேட்கிறது. யாரென்று எனக்குத் தெரியாது. ஆனால் ஓட்டத் தெரியாத ஆள். பிரேக்கை வெடுக்கென்று பிடிக்கிறார். முன் பிரேக்கும் பின் பிரேக்கும் சேர்ந்து மெல்ல வர வேண்டும். சொல்லிக்கொடுத்தவன் சரியில்லை.

ஜனவரி 30, வெள்ளி

நாற்காலியில் உட்கார்ந்து, கணுக்காலில் மணல் பை கட்டி, முழங்காலை நீட்டுகிறேன். வளைவு ஐம்பத்திரண்டு வரை தாங்குகிறது. அதற்குமேல் தொடை நடுங்குகிறது. நடுக்கம் நல்லது, தசை வேலை செய்கிறது என்கிறாள் நஸ்ரின். நல்லது என்றால் அவள் நடுங்கிப் பார்க்கட்டும்.

பிப்ரவரி 6, வெள்ளி

எக்ஸ்ரே. முறிந்த இடத்தைச் சுற்றி வெள்ளையாகப் புது எலும்பு படிந்திருக்கிறது. வெல்டிங் வைத்த இடம்போல் கொஞ்சம் புடைப்பாக. கம்பி உள்ளேயே இருக்கும். முழுப் பாரமும் கொடுத்து நடக்கலாம் என்றார் டாக்டர். மலை வண்டி? ஏப்ரலில் பார்க்கலாம். இந்தத் தடவை அந்த வார்த்தை அவ்வளவு கசக்கவில்லை.

பிப்ரவரி 18, புதன்

முனை ஸ்கூட்டர் இன்று பரவாயில்லை. ஒரு நாய் குறுக்கே ஓடியது, குரைப்பில் தெரிந்தது. பதறாமல் பிடித்தார். பிடித்த பிறகும் வண்டி கொஞ்ச தூரம் ஓடித்தான் நின்றது. ஸ்கூட்டர் அப்படித்தான் நிற்கும். பின்னால் ஒரு ஆள் உட்கார்ந்திருந்தால் இன்னும் கொஞ்சம் ஓடும். அதுவரை பின்னால் இருக்கிறவன் பொறுத்திருக்க வேண்டும்.

இதை ஏன் எழுதுகிறேன் என்று தெரியவில்லை.

மார்ச் 2, திங்கள்

கோல் இல்லாமல் நடந்தேன். மாடிப்படியில் ஏறும்போது நல்ல காலை முதலில் வை, இறங்கும்போது உடைந்த காலை முதலில் வை என்பது பாடம். மொட்டை மாடிவரை போய் வந்தேன். மேலிருந்து ஏரிக்கரைச் சாலை தெரிகிறது. சாயங்காலம் அங்கேயே நின்றேன். காற்று வாங்கத்தான்.

மார்ச் 20, வெள்ளி

மாதேசு வந்தான். என் வண்டியை இப்போது ஓட்டுகிறவன் இடது பக்கக் கதவில் ஒரு கோடு போட்டுவிட்டானாம். "அண்ணா, நீங்க வராம சரிப்படாது" என்றான். பிறகு சந்துப் பக்கம் பார்த்துவிட்டு, "அக்கா நல்லா..." என்று ஆரம்பித்தான். தவமணி உள்ளேயிருந்து டம்ளரை ணங்கென்று வைத்தாள். "நல்லா காபி போடுவாங்கன்னு சொல்ல வந்தேன்" என்று முடித்தான். அந்தக் காபியைப் பதினைந்து வருஷமாகக் குடிக்கிறவன்.

ஏப்ரல் 13, திங்கள்

டாக்டர் சான்றிதழ் கொடுத்துவிட்டார். வலது தொடை இடதைவிட இன்னும் கொஞ்சம் மெலிவுதான், ஆனால் பலம் வந்துவிட்டது. இனி டிப்போவில் சோதனை ஓட்டம். பயிற்சி ஆசிரியர் பக்கத்தில் உட்காருவார், மலை ஏறி இறங்கிக் காட்ட வேண்டும். அடுத்த திங்கள். அதில் தேறினால் ஸ்டியரிங், இல்லையென்றால் ஜன்னல் ஓர நாற்காலி.

ஏப்ரல் 19, ஞாயிறு

சட்டைக்குக் கஞ்சி போட்டு வைத்திருக்கிறாள். இன்று எழுபது வளைவும் சொன்னாள், ஏற்றமும் இறக்கமும். கடைசியில் அவள் குரல்தான் கம்மிப்போனது. என் கால் நடுங்கவில்லை.

ஏப்ரல் 20, திங்கள்

மாதேசு பைக்கில் வந்து கூட்டிப்போவதாக ஏற்பாடு. விடிந்ததும் போன் செய்து வர வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். பிறகு சட்டையைப் போட்டுக்கொண்டு வாசலுக்கு வந்து, "தவமணி, வண்டிய எடு" என்றேன்.

"எந்த வண்டிங்க?"

"நம்மகிட்ட எத்தன வண்டி இருக்குது?"

தார்ப்பாயை எடுத்தாள். ஐந்து மாதமாகக் கிடந்த வண்டி ஒரே அழுத்தில் கிளம்பியது. நானும் ஆச்சரியப்படவில்லை, அவளும் விளக்கம் சொல்லவில்லை. ஏறி உட்கார்ந்து இரண்டு பாதத்தையும் அதனதன் இடத்தில் வைத்தேன்.

ஏரிக்கரை இறக்கம். அதே இடம் என்று சொல்ல மாட்டேன், பத்தடி முன்னே. ஒரு வெள்ளாடு கயிற்றை இழுத்துக்கொண்டு சாலைக்கு வந்தது, பின்னாலேயே அதன் சொந்தக்காரி. என் வலது தொடை கல்லாக இறுகியது. சில்லு ஏறியது. இத்தனை மாதம் வளர்த்த தசை மொத்தமும் "ஊன்று, ஊன்று" என்றது. ஊன்றவில்லை. பாதத்தை அழுத்திப் பிடித்துக்கொண்டு அவள் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தேன். காலை நீட்டக் கற்றுக்கொண்டதைவிட நீட்டாமல் வைத்திருப்பது ரொம்பக் கஷ்டம். அவள் பிடித்தாள். வண்டி கொஞ்ச தூரம் ஓடியது. நின்றது. ஆடு எங்களைப் பார்த்துவிட்டுப் போயிற்று.

தவமணி திரும்பவில்லை. "காலு எங்க இருக்குதுங்க?"

"வண்டி மேலதான்."

"நா பிரேக் புடிச்சது தெரிஞ்சுதா?"

"மூணு மாசமாத் தெரியுது. தெனம் சாயங்காலம் முனையில கேக்கறேன். முதல்ல வெடுக்கு வெடுக்குன்னு புடிச்ச. இப்ப நல்லாப் புடிக்கற."

அவள் தோள் குலுங்கியது. சிரிக்கிறாளா அழுகிறாளா என்று பின் சீட்டிலிருந்து தெரியவில்லை. கண்ணாடியில் பார்த்திருக்கலாம், ஆனால் பார்க்கவில்லை. "அன்னைக்கும் நல்லாத்தான் புடிச்ச" என்று சொன்னேன். அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வண்டியை எடுத்தாள்.

சோதனை ஓட்டம் பற்றிப் பெரிதாக எழுத ஒன்றுமில்லை. ஏறும்போது பயிற்சி ஆசிரியர் ஊர்க்கதை பேசிக்கொண்டு வந்தார். இறங்கும்போது முப்பத்தெட்டாவது வளைவில் திடீரென்று "நிறுத்து!" என்று கத்தினார். நிறுத்தினேன். திரும்பிப் பார்த்தால் அவருடைய வலது பாதம் வெறும் தரையை அழுத்திக்கொண்டிருந்தது. அவர் அதை மெதுவாக எடுத்து உள்ளே இழுத்துக்கொண்டார். "நல்லாத்தான் இருக்குது. அடுத்த வாரம் வந்துரு" என்றார்.

ஏப்ரல் 27, திங்கள்

முதல் டூட்டி. ஒன்பதாவது வளைவில் பாறை காய்ந்து கிடக்கிறது, கோடைக்காலம். பதினேழில் குரங்குகள் இருந்தன. கதவில் அந்தக் கோட்டைப் பார்த்தேன், வயிறு எரிந்தது. வேறு விசேஷமில்லை. கால் வலிக்கிறது, வேலை செய்த வலி.

தவமணிக்கு முன்னால் வீட்டுக்கு வந்துவிட்டேன். இதை எழுதிக்கொண்டிருக்கும்போது முனையில் ஸ்கூட்டர் சத்தம். வழக்கமாக அங்கே அணையும். காத்திருந்தேன். அணையவில்லை. வாசல்வரை வந்தது.